பவுடர் படாத காது

உத்திரமேரூர்,
புதன்கிழமை

அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உன் தங்கச்சி ஜெனிஃபரும் நல்லபடியாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் என் முதல் ஜெபம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் ஏரி நிரம்பிவிட்டது என்று யாரோ சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போய்விட்டார், நான் சொன்னால் கேட்கிற ஆளா. போனில் பேசினால் எனக்குப் பாதியிலேயே அழுகை வந்துவிடும், நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் நோட்டுப் பேப்பரில் எழுதி, ஜெனிஃபரை போட்டோ பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

உன் புத்தகத்துக்கு அந்த லண்டன் பதிப்பகத்துக்காரர்கள் அட்டைப்படம் போட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லவேண்டும், நல்லா இருக்காம்மா என்று கேட்டிருந்தாயே, பார்த்தேன். வேலைக்கும் போய்க்கொண்டு நாலு வருஷம் நீ இங்கிலீஷில் எழுதிய முதல் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போனில் தமிழில் சொல்லச் சொல்ல, நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்ட கதை. நடவு நடுகிற செங்கேணி கன்னங்கரேலென்று இருப்பாள், ஏரிக்குள் இருக்கிற பூதத்தை வாயாலேயே மடக்கிக் கட்டிப்போடுவாள், பூதத்துக்கு நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும் என்றுதானே சொன்னாய். அட்டையில் செங்கேணி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்கிறாள், பின்னாலே பூதம் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, ஒரு கறுத்த பொம்பளையாக. நீ செங்கேணிக்குக் கொடுத்த கறுப்பைப் பிடுங்கி பூதத்துக்குப் பூசிவிட்டார்கள். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நம்ம செங்கேணி எங்க கீறா?" என்று கேட்டார். இப்படிப் போட்டால்தான் விற்குமாம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு நம் சர்ச் கிறிஸ்துமஸ் நாடகம் ஞாபகம் வந்துவிட்டது. ஐந்தாவது படிக்கும்போதிலிருந்து நாலு வருஷம் நான்தான் சாத்தான். குட்டிச் சாத்தான்களுக்கெல்லாம் அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். என் முறை வந்தால் நாடகம் பழக்குகிற பீட்டர் வாத்தியார், "ராணிக்குக் கரி இன்னாத்துக்கு, அப்படியே நிக்க வை" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். பொய் சொல்லக்கூடாது, அந்த வேஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தாம்புக்கயிறு வாலை முறுக்கிவிட்டு நான் ஒரு கத்து கத்தினால் முன்வரிசைப் பிள்ளைகள் பாயை விட்டு எழுந்து ஓடும். சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேனடி. அந்தப் பெட்ரோமாக்ஸ் இரைச்சலும் பொரிகடலை வாசனையும் இப்போதும் மூக்கிலேயே நிற்கிறது. தேவதூதனாக நிற்க ஆசை வராமலா இருக்கும், வரும், கேட்க வாய் வராது. பேய் பிசாசு என்றாலே கறுத்த பொம்பளைதானா, ஆம்பளை செத்தால் பேயாக மாட்டானா என்று இப்போது கேட்கத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

அந்த ஆசையில்தான் உன் எட்டு வயதில் அந்தக் காரியம் செய்தேன். வாத்தியார் கையைக் காலைப் பிடித்து உனக்குத் தேவதூதன் வேஷம் வாங்கினேன், கொசுவலையில் இறக்கை தைத்தேன், அப்புறம் ஒரு டப்பா பவுடரை முழுசாக உன் முகத்திலும் கழுத்திலும் அப்பினேன். மூக்கு அரிக்குதும்மா என்று நீ நெளிந்தாய், "சும்மா நில்லுடி, தேவதூதன் கறுப்பாவா கீறான்" என்று தலையில் குட்டினேன். நீ மேடையில் வாயைத் திறக்குமுன்னே சிரிப்பு. காதுக்குப் போட மறந்துவிட்டேன், வெள்ளை முகத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கறுப்புக் காது. நீ ஒரு வரி விடாமல் வசனத்தைச் சொல்லி முடித்து, இறங்கி வந்து என் மடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாய், என் புடவையெல்லாம் பவுடர். லண்டன்காரர்களைத் திட்டி என்ன, உன் மேல் முதலில் வெள்ளை பூசியது நான்தான். என்னை மன்னித்துவிடு கண்ணு. அட்டையில் முதலில் நான் தேடியது செங்கேணியின் காதைத்தான், இவர்கள் அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. என் பேச்சைக் கேட்டு நீ மறுத்து, அவர்கள் புத்தகமே வேண்டாம் என்றுவிட்டால் நாலு வருஷ உழைப்பு என்ன ஆவது என்று ரெண்டு நாளாக இந்தப் பேப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆனாலும் கேட்டாய், சொல்கிறேன். நல்லா இல்லை. சம்மதம் என்று எழுதாதே. சண்டை போடாமல் மரியாதையாக எழுது, ஆனால் எழுது. என்ன வந்தாலும் அம்மா அப்பா இருக்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ஈரத்தலையோடு வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. நீ தேவதூதனாக நின்றபோது எடுத்த நாடகப் போட்டோ இன்னும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, ஜெனிஃபர் இதோடு அனுப்புவாள். அட்டை வரைகிறவர்களிடம் அதைக் காட்டு. முகத்தைப் பார்க்கவேண்டாம், என் பொண்ணு காதைப் பார்த்து செங்கேணிக்குக் கலர் எடுக்கச் சொல்.

உன் அம்மா,
சா. ராணியம்மாள்