கரி வைக்காத பொட்டலம்

அன்புள்ள அம்மா,

இதை அப்பாவிடம்கூடக் காட்டாதீர்கள். நான் சுகம்; உங்கள் இடுப்புவலி குறைந்ததா?

பல் சொத்தையானதால் சீனி மிட்டாயை விட்டுவிட்டேன். வேம்பாரிலிருந்து நீங்கள் அனுப்பிய கருப்பட்டி எள்ளுருண்டைதான் தின்கிறேன். ருசியாக இருக்கிறது, வலியும் இல்லை. ஆனால் பேய் அண்டாமலிருக்கப் பொட்டலத்தில் அடுப்புக்கரி போட மறந்துவிட்டீர்கள்.

யுத்தத்துக்காகத் துறைமுகத்தில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். நேற்று அந்த இருட்டில், ஆடியில் காய்ச்சலில் இறந்த என் விடுதித் தோழி பகவதி ஜன்னலருகே நின்றாள். தினமும் என் மிட்டாயில் பங்கு வாங்கியவள்.

"ஏளா வடிவு, என் பங்கு எங்க?"

"மிட்டாய விட்டுட்டேன்ளா. எள்ளுருண்டைதான் இருக்கு."

"சாமியாராயிட்டியாக்கும்! அதையாவது தா, உள்ள வாரேன்."

கனவாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். கரியை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வார்டனம்மா என்றால் அதட்டிக் கூப்பிடுவார்கள். இது