ஊர் சுற்றிக் காட்டிய டிசம்பர்

6 டிசம்பர் 1981, ஞாயிறு

காலையில் ஒரே பனி. பத்து மணிக்குமேல்தான் எதிர் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன.

அண்ணன் தன் முதலாளி தவுக்கேயிடம் கேட்டு காய்கறி லோரியைக் கொண்டுவந்துவிட்டான். ரிங்லெட் ஏரிக்குப் போகிறோமாம். அப்பாவும் அம்மாவும் முன்னால் அவனோடு. நான் பின்னால், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே, மகாராணி.

புளிச்சோறு, அவித்த முட்டை, ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி. ஊறுகாய் மறந்துபோச்சு. அதற்கு அம்மா என்னைத்தான் திட்டினாள்.

பிறந்து பத்தொன்பது வருஷமாக இதே மலையில் இருக்கிறேன். கோலாலம்பூர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். எனக்கு இன்றைக்குத்தான் விடிந்தது. பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது மரத்துக்கு இடையில் கொஞ்சம் தண்ணீர் தெரியும், அவ்வளவுதான் நான் கண்ட ஏரி.

மழை பெய்து தண்ணீர் பால் டீ நிறத்தில் கிடந்தது. கரையில் சீனர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு. ஒரு குடும்பம் பாய் விரித்து கோழிப் பொரியல். அப்பா அணைக்கட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். அண்ணன் சும்மா சும்மா என் தட்டில் முட்டையை வைத்தான்.

எனக்குப் புரிந்துபோச்சு. நான் ஈப்போவுக்கு நர்ஸ் டிரெய்னிங் போகப்போகிறேன். ஜனவரி நாலாம் தேதி. அதற்குள் எல்லாவற்றையும் காட்டி அனுப்ப நினைக்கிறார்கள். வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், எங்கள் வீட்டு வழக்கம் அது. சொன்னால் கண் பட்டுவிடும்.

9 டிசம்பர், புதன்

மழை. துணி காயவில்லை.

ஹாஸ்டலுக்கு வேண்டியது: காலுக்கு வெள்ளைச் சப்பாத்து, இரண்டு போர்வை (ஈப்போவில் வெயிலாம், ஒன்று போதும் என்கிறாள் அம்மா), பூட்டு, பெட்டி.

அப்பாவுக்கு இந்த மாதக் கடைசியோடு தேயிலை ஃபேக்டரி வேலை முடிகிறது. வீட்டில் ஒருத்தர் பேராவது எஸ்டேட்டில் இருந்தால்தான் லயத்து வீடு நமக்கு. இல்லாவிட்டால் சட்டிபானையைத் தூக்கவேண்டியதுதான். அம்மா சரிவில் விழுந்து முட்டி போனதிலிருந்து கொழுந்தெடுக்கப் போவதில்லை. அவள் பேரை எடுத்துவிட்டார்கள். அதனால் அண்ணன் லோரியை விட்டுவிட்டு அப்பா இடத்தில் பேர் கொடுக்கிறான். போன திருவிழாவில் மாரியம்மன் முன்னால் சூடம் ஏற்றி, அதன்மேல் கையடித்துச் சத்தியம் பண்ணினான். “நீ படி. வீட்ட நான் பாத்துக்கறேன்.” உள்ளங்கை கறுத்துப்போச்சு. நான்தான் வெண்ணெய் தடவினேன்.

13 டிசம்பர், ஞாயிறு

வெயில், அதிசயம். ரோஜாத் தோட்டம், அருவி, ஸ்ட்ராபெரி தோட்டம், மூன்றும் ஒரே நாளில்.

ரோஜாத் தோட்டம்: நூறு நிறத்தில் ரோஜா, ஒன்றையும் தொடக்கூடாது. படி ஏற முடியாமல் அம்மா வாசலில் இருந்துவிட்டாள். அருவி: வழியெல்லாம் வழுக்கல். அப்பா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஆறு ஏழு வயதுக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தது இன்றைக்குத்தான். ஸ்ட்ராபெரி: புளிப்பு. அண்ணன் முகத்தைக் கோணினான், நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பினாங்குக்கார அம்மா, “குடும்பமா வந்தீங்களா, எந்த ஊரு?” என்றாள். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், “இந்த ஊருதான் லா, தங்கச்சிக்குச் சுத்திக் காட்றோம்” என்றான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தபின்னும் சிரிப்பு அடங்கவில்லை. இப்படி ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது?

19 டிசம்பர், சனி

சாயங்காலம் பிரிஞ்சாங் பசார் மாலாம், ராத்திரிச் சந்தை. தூறல். குடைக்குள் குடை. அவித்த சோளம் வாங்கித் தின்றோம், எல்லார் மூக்கிலும் ஆவி.

பெட்டி விற்கிற கடையில் அண்ணன் நின்றான். எது நல்லாருக்கு என்று என்னைக் கேட்டான். நான் அரக்கு நிறத்தில் ஒன்றைக் காட்டினேன். கறுப்புதான் அழுக்கு தெரியாது என்று கறுப்பையே வாங்கினான். கேட்பானேன், மாற்றுவானேன். போகட்டும், பெட்டி பெட்டிதானே. வீடு வரைக்கும் அதை நானே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

21 டிசம்பர், திங்கள்

எழுத்து கோணல்கோணலாகப் போகிறது.

காலையில் பைப்படியில் கங்காணி வீட்டு அக்கா. குடம் நிறைகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். “நாலாந்தேதி நீ நம்ம கூட்டத்துலதான். நல்லவேளை, கிட்டத்து மலை” என்றாள். எந்தக் கூட்டம் என்றேன். கொழுந்தெடுக்கிற கூட்டம்தான், உங்க அப்பாதான் ஆபீஸ் கிராணிகிட்ட உன் பேரைக் கொடுத்துட்டாரே, போன மாசமே என்றாள். போன மாசமா? நவம்பர்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர். ஏரிக்குப் போவதற்கு முன்னாடியே. அருவியில் அப்பா என் கையைப் பிடிப்பதற்கு முன்னாடியே.

அம்மா அடுப்படியில். கேட்டேன். அவள் வெங்காயத்தை அரிந்துகொண்டே சொன்னாள். அண்ணனுக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. கூட்டாளி ஒருத்தன் பார்த்துக் கொடுத்தானாம். வியாழக்கிழமை கிளம்புகிறான். ஊர் சுற்றினது அவனுக்கு. பெட்டியும் அவனுக்கு. அந்தப் பெட்டியைத்தான் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தேன், பைத்தியக்காரி.

மூன்று பேரும் சேர்ந்து எனக்குக் காது குத்தியிருக்கிறார்கள். அண்ணன் செய்தானே என்பதுகூட இல்லை. அம்மா. புளிச்சோறு கட்டினாளே.

22 டிசம்பர், செவ்வாய்

கண் வீங்கிப்போச்சு. நல்ல மழை.

அப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். வீட்டைவிட்டு எங்க போறது என்று மட்டும் சொன்னார்.

அண்ணனைக் கேட்டேன். முதலில் தரையைப் பார்த்தான், பிறகு கோபம் வந்துவிட்டது. அவனுக்கு. எனக்கல்ல, அவனுக்கு. வாழ்நாள் பூராவும் முட்டைக்கோஸ் ஏற்றச் சொல்கிறாயா என்றான். மாரியம்மன் முன்னால் என்ன சொன்னாய் என்றேன். அடுத்த வருஷம் படி, ஓடியா போகிறது என்றான். அடுத்த வருஷம் இடம் யார் வைத்திருப்பார்கள்? உன் தவுக்கேயா?

ராத்திரி விளக்கை அணைத்தபிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அவன் ஆம்பளப் புள்ள சரோ. நாளைக்கு எங்களுக்குக் கஞ்சி ஊத்தப்போறவன். நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ.”

இன்னொரு வீட்டுக்குப் போகிறவளை வைத்துத்தான் இந்த வீட்டைக் காப்பாற்றுகிறார்கள். அதைச் சொன்னேன். அவள் போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டாள்.

“மொதல்லயே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அழுவ. அவன் போற வரைக்கும் எல்லாரும் ஒண்ணா சிரிச்சிக்கிட்டு இருக்கலாம்னு பாத்தோம்.”

நான் சிரித்ததையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அவன் வழிச்செலவுக்குக் கட்டிக்கொடுத்த மாதிரி.

24 டிசம்பர், வியாழன்

அண்ணன் போனான். பனி.

வாசலில் லயமே கூடியிருந்தது. டயருக்கு அடியில் நசுங்க லெமன் வைத்தார்கள். சிங்கப்பூர் போகக் கூட்டாளியின் காடி. அம்மா என்னைக் கூப்பிட்டாள், இரண்டு தடவை. நான் அடுப்படியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லே இல்லாத அரிசி.

அவன் உள்ளே வந்தான். புதுச் சட்டை, மடிப்புக்கூட கலையவில்லை. மாதாமாதம் ஏதாவது அனுப்புகிறேன் என்றான். சரி என்றேன். திட்டவாவது செய் என்றான். திட்டினால் அவனுக்கு லேசாகிவிடும். திட்டவில்லை.

கங்காணி வீட்டு அக்கா சாயங்காலம் வந்து, தான் வாயை விட்டதற்கு வருத்தப்பட்டாள். இந்த லயத்தில் என்னிடம் உண்மை பேசினது அவள் ஒருத்திதான், அதுவும் தெரியாமல்.

28 டிசம்பர், திங்கள்

அம்மா அலமாரி மேலிருந்து தன் பழைய படங்குத் துணியை எடுத்து வெயிலில் போட்டாள், கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுவது. எனக்காம். பூஞ்சை வாடை. நான் எடுக்கவில்லை, கொடியிலேயே கிடக்கிறது.

பகலில் ஒரு வேன். உள்ளே பிள்ளைகள். நிறுத்திவிட்டு மலையில் வேலை செய்கிற பெண்களைப் போட்டோ எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் கை ஆட்டினாள். யாரோ பதிலுக்குக் கை ஆட்டினார்கள்.

கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. சோறு மட்டும் இறங்குகிறது, வெட்கங்கெட்ட வயிறு.

2 ஜனவரி 1982, சனி

காற்று. கூரைத் தகரம் இரவெல்லாம் அடித்தது.

சாயங்காலம் அப்பா, அம்மா, நான். மூன்று பேருக்கு வீடு பெரிதாகத் தெரிகிறது. சாப்பிட்டு முடிந்ததும் அம்மா சொன்னாள்:

“வேணும்னா நீ போம்மா. நான் போறேன் மலைக்கு.”

எனக்குத் தெரியும். நான் ஐயோ வேண்டாம்மா என்பேன், உன் முட்டி என்பேன், அழுவேன், அவள் அழுவாள், கட்டிப்பிடித்துக்கொள்வோம். விஷயம் முடிந்துபோகும். அதற்குப்பிறகு, நாங்களா நிறுத்தினோம், அவளேதான் வேண்டாமென்றாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத்தான் சொன்னாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிம்மா” என்றேன்.

அம்மா கை தட்டிலேயே நின்றது. அப்பா ரேடியோவை அணைத்தார்.

3 ஜனவரி, ஞாயிறு

அப்பா கிராணி வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். இந்த மாசம் பேரை மாற்ற முடியாதாம். புத்தகத்தில் சரோஜா என்றே இருக்கட்டும், ஆள் நின்றால் போதும், கங்காணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம் கிராணி. நல்ல மனுஷர். எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான்.

நான் மனசு மாறுவேனென்று பகல் பூராவும் காத்திருந்தார்கள். பெட்டி கிடையாது. துணியை மாவு மூட்டைச் சாக்கில் கட்டினேன். கட்டக் கட்ட அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே வந்து இரண்டாவது போர்வையையும் உள்ளே திணித்தாள். ஒன்று போதும் என்றவள்தான்.

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேன். உன்னை ஏமாத்திட்டோம் சரோ என்று. சொல்லவில்லை.

4 ஜனவரி, திங்கள்

தாப்பா பஸ். தூறல். வளைவுக்கு வளைவு பென்சில் நிற்கவில்லை.

நான் கிளம்பும்போது இன்னும் இருட்டு. அம்மா எனக்கு முன்னாடியே எழுந்து, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முட்டிக்கு எண்ணெய் தேய்த்து துணி கட்டியிருந்தாள். அப்பா சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார். உடம்பைப் பாத்துக்க என்றார்.

இரக்கமே வராது என்றுதான் ஏறினேன். ரிங்லெட் வரைக்கும் வரவில்லை. தாண்டினதும் வந்தது. இறங்கவில்லை.

இந்நேரம் பெரட்டு தொடங்கியிருக்கும். கங்காணி வரிசையாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டு வருவார். சரோஜா என்பார். அம்மா, “இருக்கேன்” என்று சொல்லியிருப்பாள்.