சாக்பீஸில் ஒரு சமையலறை

மார்ச் 3, செவ்வாய்

"அளவு போட்டு வீட்டுப்படம் வரைஞ்சு என்னத்துக்கு டீச்சர்? நான் என்ன கொத்தனாரா?" என்று கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி ஒருமுறை கேட்டாள். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். நல்ல பதில் இல்லை. இன்று அவள் ஞாபகம்.

மகளும் மாப்பிள்ளையும் ஒரு பெரிய உணவகக் கம்பெனியின் கிளை எடுக்கிறார்கள். பெயர் கம்பெனியுடையது, கடை கட்டும் செலவு நம்முடையது. அதில் பாதி, நான் ஓய்வு பெற்றபோது வந்த பணம். கம்பெனி டிசைனர் இன்று வரைபடமும் செலவுப் பட்டியலும் அனுப்பினார். கடைசி வரி பொடி எழுத்தில்: கையெழுத்துக்குப் பின் வரும் மாற்றங்கள் உரிமையாளர் செலவு.

மார்ச் 4

டேப்போடு போய்க் காலிக் கடையை அளந்தேன். கழிவுநீர்க் குழி இடது மூலையில் இருக்கிறது. படத்தில் வலது மூலை! வேறு ஏதோ கிளைக்குப் போட்ட படத்தை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். குழியை மாற்ற வேண்டுமானால் தரை முழுவதையும் உடைக்க வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு சமையலறையே கட்டலாம்.

டிசைனரிடம் போனில் சொன்னேன். "நாங்க நாப்பது கடை தெறந்தவங்க டீச்சர். வெள்ளிக்குள்ள கையெழுத்தும் செக்கும் வரலன்னா கிளை வேற ஆளுக்குப் போயிடும்."

மகளுக்கு முகம் செத்துப்போச்சு. "போட்டுடலாம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

எப்போ அப்புறம்? தரையை ஒடச்சதுக்கு அப்புறமா? செக்கைத் தர மாட்டேன். நாப்பது கடை என்ன, நானூறு கடை தெறந்திருக்கட்டுமே!

மார்ச் 6, வெள்ளி

காலையிலேயே அவர்கள் படத்தை அப்படியே, முழு அளவில், கடைத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். நான்கு பெட்டி தீர்ந்தது. இடுப்பு நிமிரவில்லை.

"அத்தை, கடை தெறக்கறோமா, நொண்டி ஆடறோமா?" என்றார் மாப்பிள்ளை.

கையெழுத்து வாங்க டிசைனர் வந்தார். நான் வாதாடவில்லை. ஒரு குடம் தண்ணீரைக் கையில் கொடுத்தேன்.

"பாத்திரம் கழுவின தண்ணின்னு வச்சுக்குங்க தம்பி. உங்க குழியில ஊத்துங்க. கோடெல்லாம் சுவரு, மிதிக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டே ஊற்றினார். தண்ணீர் அவர் படத்தைப் படித்ததில்லையே! வலது மூலையிலிருந்து கிளம்பி, அவருடைய ஃப்ரீசர், அடுப்பு, சுவர் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டு தரைச் சரிவில் நேராக இடது மூலைக்குப் போய் இறங்கியது. அவர் ஷூவும் நனைந்தது.

சிரிப்பு நின்றது. வாசலுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் யாரிடமோ போன் பேசினார்.

மார்ச் 9

செக் இன்னும் என் பையில்தான். கிளை கைவிட்டுப் போய்விட்டதென்று மகளுக்கு என்மேல் கோபம்.

மார்ச் 13

புதுப் படம் வந்தது, குழி இடது பக்கம். பொடி எழுத்துக்குக் கீழே டிசைனர் பேனாவால் எழுதிய ஒரு வரி: படத்தில் பிழை இருந்தால் செலவு கம்பெனியுடையது. மறுபடி தரையில் வரைந்து, மறுபடி ஒரு குடம் ஊற்றினேன். பிறகுதான் கையெழுத்து.

ஜூன் 2

கடை திறந்து இருபது நாள். சமையலறையில் தண்ணீர் தேங்கவில்லை. இன்று டிசைனர் போன் செய்தார். "டீச்சர், அடுத்த கடை வேலை ஆரம்பிக்கறோம். அந்த சாக்பீஸ் எங்க வாங்கினீங்க?"

கடைசி பெஞ்சுக்காரியே, எங்கே இருக்கிறாயோ, உனக்கான பதில் இப்போதுதான் கிடைத்தது. எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடுமுன் அதைத் தரையில் முழு அளவில் வரைந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்.