ஒரு கைப்பிடி உப்பு

ஸ்கால்டோ தீவு, டென்மார்க்
11 ஏப்ரல் 1988

அன்புள்ள போதில் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்க இப்போது மனமில்லை. கோபம் அடங்கட்டும், கேட்கிறேன்.

உன் மில்காரன் அனுப்பும் மாவு மூட்டைகள் வரத் தொடங்கி மூன்று வாரமாகிறது. உப்பைக் கலந்தே அனுப்புகிறான். என் பேக்கரியில் நானே உப்பு ஜாடியைத் தொடக்கூடாது. சரி. ஸ்கால்டோ, ரேவ்னோ இரண்டு தீவில் ஒன்றுக்கு வழக்கமான உப்பு, மற்றதற்குப் பாதி. எது யாருக்கு என்று ஆராய்ச்சி முடியும்வரை எனக்கும் தெரியாது, டாக்டரான உனக்கும் தெரியாது. அதுவும் சரி. தேவாலயக் கூடத்தில் நீ பேசியதைக் கேட்டு ஊரே கைதட்டிச் சம்மதித்தது.

ஆனால் அந்தப் பாதி உப்பு எங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. இதைச் சொல்ல என் நாக்கு போதும். நேற்று படகுக்கார அக்ஸெல் கறுப்பு ரொட்டியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு அடித்தான். "ஏண்டா பிரேபென், இது ரொட்டியா மரத்தூளா? உங்கக்கா எங்கள எலி ஆக்கிட்டாளா?" அவன் பின்னால் நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. அந்தக் குப்பையை விற்கிறவன் நான். சிலர் சனிக்கிழமைகளில் மறுகரைக்குப் போய் ரொட்டி வாங்கி வருகிறார்கள்.

ஏதாவது செய்.

உன் தம்பி,
பிரேபென்

ஓர்ஹூஸ்
15 ஏப்ரல் 1988

தம்பி பிரேபெனுக்கு,

நாக்கைச் சுருட்டி உள்ளே வை. எந்த மூட்டை எந்தத் தீவுக்கு என்பது ஒரு வக்கீலின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உன் ஊகத்தை எனக்கு எழுதியதே தப்பு. "டாக்டருக்கே தெரியக் கூடாதாக்கும்!" என்று அக்ஸெல் கூடத்தில் சிரித்தான். தெரிந்துவிட்டால் என் கை எனக்கு வேண்டிய இரத்த அழுத்தத்தைத்தான் அளக்கும். அதற்குத்தான் பூட்டு.

அப்பா ஐம்பத்து நாலு வயதில் இரத்த அழுத்தம் ஏறி மாவுத் தொட்டியின் மேலேயே சரிந்தார். நீதான் தூக்கினாய். அப்படி வராமல் தடுக்க, தினமும் தின்கிற ரொட்டியில் உப்பைக் குறைத்தால் போதுமா? அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருடம் கேட்கிறேன். ஊர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

உப்பு ஜாடியைத் தொட்டாயோ, உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

அக்கா,
போதில்

ஸ்கால்டோ
19 ஜனவரி 1990

அக்காவுக்கு,

அக்ஸெல் விழுந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். வலது கை வரவில்லை, வாய் கோணிவிட்டது. உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

பிரஷர் ஏறுகிறது என்று உன் நர்ஸ் மெரேத்தெ போன வருடமே எச்சரித்தாளாம். தீவு டாக்டர் மாத்திரையும் கொடுத்தாராம். அதைக் கடலில் வீசிவிட்டு என்னிடம் வந்து சொன்னான்: "உங்கக்கா ரொட்டியே மருந்துதானடா. மாத்திரை வேற எதுக்கு?" நானும் சிரித்தேன்.

உன் ரொட்டியைத் தின்றவன் இப்போது கட்டிலில் கிடக்கிறான். ஊர்க்காரர்கள் வெட்கத்தை விட்டு, உடம்பில் சேரும் உப்பை நீங்கள் அளக்க, ஒருநாள் மூத்திரம் முழுவதையும் கேனில் பிடித்துக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்களே, எதற்கு? அப்பாவின் பெயரைச் சொல்லி எங்களை ஏய்த்துவிட்டாய்.

பிரேபென்

ஓர்ஹூஸ்
2 ஜூன் 1990

பிரேபெனுக்கு,

பெட்டியைத் திறந்தாயிற்று. பாதி உப்பு ரேவ்னோவுக்குத்தான். உனக்கு வந்தது அப்பா போட்ட அதே அளவு. நீயும் அக்ஸெலும் மரத்தூள் என்று துப்பியது உங்கள் பழைய ரொட்டியை.

இரண்டு தீவுகளின் இரத்த அழுத்தத்துக்கும் இடையே நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு பங்கு வித்தியாசம். கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அப்பாவை நினைத்து அழுதேன். பிறகு மெரேத்தெ மூத்திரப் பரிசோதனைக் கணக்கைக் கொண்டுவந்து வைத்தாள். ரேவ்னோவில் உப்பு இறங்கியிருக்கிறது. ஸ்கால்டோவில் இருந்த இடத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு ஏறியிருக்கிறது. மாவில் தவறில்லை என்று மில்காரன் சத்தியம் செய்கிறான்.

உன் கை என்ன செய்தது, பிரேபென்? ஜனவரியில் என்னை ஏமாற்றுக்காரி என்று எழுதினாயே, எழுதும்போது அந்தக் கை கூசவில்லையா?

போதில்

ஸ்கால்டோ
9 ஜூன் 1990

அக்காவுக்கு,

ஆமாம், போட்டேன். நீ போடாதே என்று எழுதிய மறுநாளிலிருந்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி. குறைந்ததை நிரப்புகிறேன் என்று நினைத்தேன். முதல் நாளே அக்ஸெல் கடித்துப் பார்த்து, "இதுதாண்டா ரொட்டி!" என்று என் முதுகில் தட்டினான். அதற்குமேல் கையை நிறுத்த முடியவில்லை. இன்று அவன் வீட்டு வழியாகப் போகக் கால் வரவில்லை.

ஆனால் என்னை மட்டும் கூண்டில் ஏற்றாதே. அந்தக் கேன்களை இரண்டு வருடம் சுமந்துகொண்டு போனீர்கள். உப்பு ஏறுவது முதல் வருடமே தெரிந்திருக்கும். ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? முடியும்வரை பார்க்கக் கூடாது என்பது உன் விதி. உன் விதி பத்திரமாக இருந்தது. அக்ஸெல் விழுந்தான்.

என் கையைக் கேட்டாய். உன் கண் எங்கே போயிருந்தது?

பிரேபென்

ஓர்ஹூஸ்
20 ஜூன் 1990

பிரேபெனுக்கு,

பார்க்காதீர்கள் என்று சொன்னவள் நான்தான்.

முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நீ செய்தது, நான் பார்க்காதது, இரண்டையும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எந்த ஊரும் என்னை நம்பி ரொட்டியைத் தராது.

அக்ஸெலிடமும் ஊராரிடமும் நீயே சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

போதில்

ஸ்கால்டோ
8 ஜூலை 1990

அக்கா,

சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு வழிபாடு முடிந்ததும் கூடத்தில் நின்று சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கத்தியிருந்தால் தேவலை. அடுத்த நாளிலிருந்து கடையில் ஈ ஓட்டினேன்.

நேற்று அக்ஸெலின் மனைவி யுட்டே அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். வேடிக்கை பார்க்க வாசலில் கூட்டம். அவன் இடது கையை நீட்டினான். அப்பா போட்ட அளவு உப்போடு வரும் மில்காரன் மாவில் சுட்ட ரொட்டி, நான் ஒரு கல் உப்பும் மேலே சேர்க்காதது. அதில் ஒரு துண்டு கொடுத்தேன். கோணிய வாயில் வெகுநேரம் மென்றான். என் முகத்தில் துப்புவான் என்று காத்திருந்தேன்.

"உப்பு... பத்தலடா" என்றான்.

யுட்டே பிடுங்கித் தின்று பார்த்தாள். "ஆமா, பத்தல" என்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர் நாக்கையே கெடுத்து வைத்திருக்கிறேன், அக்கா. அப்பாவின் ரொட்டி இனி யாருக்கும் இறங்காது. ஒரேயடியாகக் குறைத்தால் மறுகரைக்குப் போய்விடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, எல்லோருக்கும் சொல்லிவிட்டு இறக்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என் நாக்கை நம்பிப் பட்டது போதும்.

உன்மேல் கோபம் தீரவில்லை. உனக்கும் தீர்ந்திருக்காது. இருக்கட்டும், வந்து நேரிலேயே திட்டு. இந்தமுறை பெட்டியும் பூட்டும் வேண்டாம். அளந்ததை அன்றன்றே சொல்லிவிடு. முதல் ஆளாக அக்ஸெல் பெயர் கொடுத்திருக்கிறான்.

நீ வராவிட்டால், கேன்களையெல்லாம் நானே படகில் ஏற்றி வந்து உன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவேன்.

உன் தம்பி,
பிரேபென்