மணிக்கு வாங்கிய கூடாரமும் உன் படங்கும்

என் ஆசை மதினி மாரியாயிக்கு,

என் மகனுக்கு உன் மகளைக் கட்டின பிறகு ஊர் பார்க்க உன்னைச் சம்பந்தியம்மா என்றேன், நீங்க என்றேன். தேயிலை நிரையில் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்கும்போது மதினிதான், நீதான். இன்றைக்கு உன் வருசத் திவசம். படையல் போட்டு, காக்காய்க்கும் வைத்தாயிற்று. இனி ஊருக்கு என்ன, உனக்கு என்ன? மதினி என்றே எழுதுகிறேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது. திருச்சிப் பக்கத்திலிருந்து உன் தம்பி போட்ட கடுதாசியெல்லாம் இந்த அஞ்சாம் வகுப்புக்காரிதானே உனக்கு வாசித்துச் சொன்னேன். இதையும் எழுதி முடித்து உன் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கப் போகிறேன். லயத்து வரிசை வீட்டுச் சனம் வாசலில் நின்று கேட்டால் கேட்கட்டும். நம் பேரன் சங்கதிதானே, மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் ஒன்று. படையலுக்கு மணி வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அவன் கொத்மலைப் பக்கம் ஒரு மலை உச்சியில் இருக்கிறான். கூடாரத்துக்குள் இருக்கிறான். எந்தக் கூடாரம், அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

தோட்டத்தில் அவனுக்குப் பேர் பதியவில்லை, மதினி. கங்காணி வீட்டு வாசலில் நின்று நின்று எனக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம். இளவட்டத்துக்கு வேலை இல்லை, இந்த நாட்டுக்காரனா அந்த நாட்டுக்காரனா என்று முதலில் முடிவாகட்டும் என்கிறார்கள். யார் முடிவு செய்வது, எப்போது செய்வது? கேட்டால் அவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் மலை அளக்கிற சர்வே ஐயா ஒருத்தர் வட்டகொடை ஸ்டேசனில் ஆள் எடுத்தார். உச்சியில் ஒரு கொடிக்கம்பம் நட்டு, அது சாயாமல் ரெண்டு பேர் காவல் இருக்க வேண்டும். தூரத்து மலையிலிருந்து கண்ணாடி வழியாக அந்தக் கொடியைப் பார்த்துத்தான் அளப்பார்களாம். மேகம் எப்போது விலகுகிறதோ அப்போதுதான் அளக்க முடியும். அதுவரை மழையோ காற்றோ, இறங்கக் கூடாது.

"தங்குற எடத்தை நீங்களே பாத்துக்கணும். முதுகுல சுமந்துக்கிட்டு ஏறணும்" என்று சொல்லிவிட்டாராம். மணி சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்று உனக்கே தெரியும். போன ஆடிக் காற்றில் உன் காம்பிரா அறையின் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனபோது, விடியும் வரை இன்னொரு தகரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தானே. உன்னைக் கொண்டுபோன மார்ச்சளி அவனையும் ஒரு மாதம் உலுக்கிவிட்டுத்தான் விட்டது. சின்னதிலிருந்தே அவனுக்கு உன் நெஞ்சு. மழைச் சாரல் பட்டாலே விசில் ஊதும். அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்கா?

"போகாதடா" என்றேன்.

"போகாம இங்க ஒக்காந்து என்ன செய்ய அப்பாயி? ஒங்க வெத்தலைய இடிச்சுக் குடுக்கவா?" என்றான்.

வெத்தலை உரலைத் தள்ளி வைத்தேன். "சரி போ. ஆனா கூடாரத்த நாந்தான் பாத்து எடுப்பேன். அதுக்குச் சம்மதம்னா போ" என்றேன். அவன் அம்மா செல்லம்மா, உன் மகள், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்த, சேல எடுக்குற மாதிரியா?" என்று ஒரு கேள்வி. உன் வாய் அப்படியே அவளுக்கு.

அவளுக்குச் சீட்டுப் பணம் விழுந்த கையோடு ரயிலேறி அட்டனுக்குப் போனோம், நானும் மணியும். கடைவீதியில் பழைய பட்டாளத்துச் சாமான் விற்கிற முஸ்லிம் நானா கடை இருக்கிறதே, இரும்புத் தொப்பியைத் தொங்கவிட்டிருப்பாரே, அங்கே. நானா ரெண்டு கூடாரத்தை எடுத்துப் போட்டார். ஒன்று வெள்ளை, புத்தம் புதுசு. பிரித்தால் கல்யாணப் பந்தல் மாதிரி உயரமாக நிற்கும் என்றார். மற்றது பச்சை. பச்சை என்று சொன்னால் பச்சை, அழுக்கு என்று சொன்னால் அழுக்கு. எலி நாற்றம், எண்ணெய் நாற்றம், யாரோ ஒரு சிப்பாயின் வேர்வை நாற்றம். நின்றால் மனுசன் இடுப்பளவுதான்.

மணி வெள்ளையைத் தூக்கிப் பார்த்தான். "அப்பாயி, பஞ்சு மாதிரி இருக்கு. இதவே எடுப்போம்."

நான் வெள்ளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இழைக்கு இழை வானம் தெரிந்தது. தையலைத் திருப்பினேன், ஒற்றைத் தையல். கயிறு கட்டுகிற மூலையில் ஒட்டுத் துணி கிடையாது, வெறும் ஓட்டை. காற்று முதலில் பிடித்து இழுக்கிற இடமே அதுதானே? பச்சையில் ஓரத்தை மடித்து ரெண்டு வரிசை தைத்திருந்தான். மூலைக்கு மூலை தோல். அடியில் சுற்றிலும் பாவாடை மாதிரி ஒரு முழத் துணி தொங்கியது. அதன்மேல் கல்லையும் மண்ணையும் ஏற்றினால் காற்று உள்ளே நுழையாதாம்.

"நானா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

"குடிக்கவா ஆச்சி?"

"இல்ல, கூடாரத்துக்கு."

"என்னா ஆச்சி இது, சாமானுக்குத் தண்ணி காட்டுறீங்க! மாடா வாங்க வந்தீங்க?" என்று சிரித்தார். ஆனாலும் செம்பில் தந்தார். வெள்ளையின் ஒரு மூலையில் ஊற்றினேன். குடித்தது பார் மதினி, வெயிலில் வந்தவன் குடிக்கிற மாதிரி! தூக்கினால் கை இறங்குகிறது. பச்சையில் ஊற்றினேன். சேம்பு இலையில் உருள்கிற மாதிரி தண்ணீர் உருண்டு தரையில் விழுந்தது.

"காஞ்ச கூடையத் தூக்கிப் பாத்து ஏமாறாதடா. நனைஞ்ச கொழுந்து என்ன கனம் கனக்கும்னு ஒன் அம்மாயிய நெனச்சுப் பாரு. எறங்குறப்ப மழையோடதான் எறங்குவ" என்றேன். உன் பேரைச் சொன்னதும் பச்சையை முதுகில் ஏற்றிக்கொண்டான். அட்டன் மேட்டில் ஒருதரம் ஏறி இறங்கச் சொன்னேன். மூச்சைக் கேட்டேன். விசில் இல்லை. சரி என்றேன்.

அதோடு நான் சும்மா இருந்திருந்தால் கதை முடிந்தது. இருந்தேனா?

அந்த நாற்றம் காம்பிராவுக்குள் படுத்துக்கொண்டது. யார் செத்த கூடாரமோ, எந்த ஊர்ச் சண்டையில் கிடந்ததோ. அதற்குள் நம் பிள்ளை தலைவைத்துப் படுப்பதா? மறுநாள் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், சலவைச் சோடாவில் ஊறவைத்து, சவுக்காரம் போட்டு, கல்லில் அடி அடி என்று அடித்தேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்டுகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "என்ன காமாட்சியக்கா, ஆனைக்கு வேட்டி தொவைக்கிறீங்களா?" என்றாள் அந்தோணியம்மா. துவைக்கத் துவைக்கக் கறுப்பாகச் சாயம் இறங்கியது. எனக்கு ஒரே பெருமை. மூணு நாள் காய்ந்தது. மடித்தால் வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் அடித்து நிறுத்தினோம். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். மழை வரட்டும், நனையாமல் இருந்தால்தான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன். வந்தது மழை. பிள்ளைகள் சுற்றி நின்று கூத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தன. முதலில் துணி கறுத்தது. பிறகு ஒரு சொட்டு. எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தேன், விரல் வைத்த இடத்தில் குழாய் திறந்த மாதிரி ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் வெளியே நின்ற பிள்ளைகளுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

மணி குனிந்து பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க அப்பாயி. நானும் நாறுதுன்னுதானே சொன்னேன்" என்றான். அவன் மலைக்குப் போக வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. ஈரச் சேலையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். இத்தனை வயதுக்கு இப்படி ஒரு களைப்பு எனக்கு வந்ததே இல்லை.

அப்போதுதான் செல்லம்மா சொன்னாள். "அம்மா படங்கு ஒருநாளும் இப்பிடி ஒழுகினதில்லையே அத்த."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கொழுந்து எடுக்கப் போகையில் இடுப்பில் கட்டுகிற அந்தப் படங்குக்காக நாம் எத்தனை வருசம் சண்டை போட்டிருப்போம்! நான் வாராவாரம் சவுக்காரம் போட்டு வெளுப்பேன். நீ பீலித் தண்ணீரில் ஒரு அலசு அலசி உதறுவாய், அவ்வளவுதான். கொழுந்துச் சாறு ஏறி ஏறி உன்னுடையது தார் பூசின மாதிரி கறுத்துப்போய் இருக்கும். "அழுக்குப் படங்கு மாரியாயி" என்று நிரை முழுக்கக் கேட்கச் சொல்வேன். நீயும் விடமாட்டாய். "வெள்ளப் படங்குக்காரி தொடை நனைஞ்சு நடுங்குறா பாருங்கடி" என்பாய். நடுங்கத்தான் நடுங்கினேன். ஆனால் ஏன் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

தகரம் பறந்த அன்றைக்கு அந்தப் படங்கை எடுத்து நீ அரிசி மூட்டைமேல் போட்டாய். உன்மேல் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் பார்த்தால் ஒரு அரிசிகூட நனையவில்லை. அந்த அரிசியில்தான் உன் காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு வடித்தோம். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

சாறும் எண்ணெயும் அழுக்கும் ஏறினால்தான் துணிக்குத் தண்ணீர் அஞ்சும் போலிருக்கிறது. அந்தச் சிப்பாய் பூசி வைத்திருந்ததை எல்லாம் நான் அடித்து வெளுத்துவிட்டேன். என்ன செய்வது? அந்தோணியம்மா, மாதா கோயில் திருநாளில் எரிந்து மிஞ்சின மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு தகர டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை உருக்கித் துணி முழுக்கத் தேய்த்து, கரித் தேய்ப்புப் பெட்டியை லேசாகச் சூடாக்கி இழுத்தோம். செல்லம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் மருமகன் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, "என்ன, வீடெல்லாம் மாதா கோயில் வாசம்?" என்றான். அவனையும் ஒரு மூலையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன்.

கூடாரத்தின் முதுகு இருக்கிறதே, நடுக்கம்பு வந்து முட்டுகிற இடம், அங்கேதான் மழையும் காற்றும் முழுசாக இறங்கும். அந்த இடத்துக்கு உன் படங்கை வைத்து ரெண்டு தையல் தைத்தேன். வெட்டவில்லை மதினி. அப்படியே வைத்துத் தைத்தேன். இடுப்புக் கயிறு ரெண்டையும் கம்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

மறுபடி மழை. மறுபடி உள்ளே நான். இந்தத் தடவை மணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரெண்டு பேரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு வரவில்லை. "அம்மாயி வாசம் வருது அப்பாயி" என்றான். அதற்கு மேல் அவனைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போய்விட்டான். ரெண்டு வாரமாக அந்த உச்சியை மேகம் மூடிக்கொண்டே இருக்கிறது. காற்று அடிக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே கூரைத் தகரத்தின்மேல் இன்னும் கல்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். ஆணி அடித்துத் தருகிறோம் என்றார்கள், வரவில்லை. மலை உச்சியில் இருப்பவன் நனையாமல் இருக்க வேண்டும் என்று லயத்துக்குள் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வேண்டுகிறேன். இது என்ன கணக்கு மதினி?

நேற்று அவன் கூட்டாளி பண்டா சாமான் வாங்க இறங்கி வந்தான். கினிகத்தேனைச் சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். "ஆச்சி, டென்ட் ஹொந்தாய், நல்லம்!" என்று தூரத்திலேயே கத்திக்கொண்டு வந்தான். பெரிய காற்று வந்ததாம். ஓரத்துக் கயிறு ரெண்டு அறுந்ததாம். அடுத்த மலையில் இருந்தவர்களின் கூடாரம் பறந்து, அவர்கள் இறங்கிவிட்டார்களாம். "கறுப்புத் துணி தைச்சது இல்லையா, அது அசையல்ல" என்று கையை முஷ்டி பிடித்துக் காட்டினான்.

"மணிக்கு இருமல் இருக்கா?" என்று கேட்டேன்.

"மணி மல்லிக்கு, தம்பிக்கு இல்ல ஆச்சி, எனக்குத்தான் இருமல்! அவர் குறட்டை" என்று சிரித்தான். பிள்ளைக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அரிசியோடு மருந்துத் தைலமும் கொடுத்து அனுப்பினேன்.

வேறு என்ன எழுத? முழங்கால் வலிக்கிறது. கண் மங்குகிறது. பக்கத்து நிரையில் ஆள் இல்லாமல் நிற்கிற மாதிரிதான் நாள் போகிறது. என்னோடு சண்டை போட இப்போது யார் இருக்கிறார்கள்?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இந்த விளக்குக்கு முன்னால். அவன் இறங்கி வருவான். அந்தக் கூடாரம் எவ்வளவு நாறினாலும், எத்தனை சேறு ஒட்டியிருந்தாலும், அதைப் பீலிப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். உதறுவேன், நிழலில் காயப்போடுவேன், அவ்வளவுதான். உன் படங்கில் சவுக்காரம் பட இந்தக் காமாட்சி உயிரோடு இருக்கும்வரை விடமாட்டேன்.

நிரையில் உன் பக்கத்து ஆள்,
வெள்ளைப் படங்குக்காரி,
உன் பேரனுக்கு அப்பாயி,
காமாட்சி