வீட்டில் யாராவது இருக்கட்டும்

அம்மா,

இப்போதுதான் மாடியில் உன் கம்ப்யூட்டரின் மணி அடித்தது. பித்தளைக் குடத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்ததுபோல அதே சத்தம். நல்ல பகல் வேளை. உன் வீட்டுக்காரர் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிப் போச்சம்பள்ளிக்குப் போய்விட்டார். கதவில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டிய வீட்டுக்குள் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள்.

முதல் தடவை கேட்டபோது உடம்பெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. இப்போது பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்து வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும்.

லோடு ஏற்றுகிற வேலையை விட்டு நின்ற பிறகுதான் நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள மாலை வகுப்புக்குப் போனேன். டீச்சர் எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரு பாடத்தைப் போட்டுக் கொடுத்தார். ஒரு வரி வரும். அதைப் படித்தால் அடுத்த வரி வரும். அதைச் செய்தவள் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாள் என்று ரொம்ப நாள் தெரியாது. தெரிந்ததும் படியேறி வந்தேன்.

"நீ பண்ணதாம்மா இது?"

"நான் மட்டும் இல்ல பாய். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா பாடம் சேக்கலாம். ஊர் ஊரா ஆளுங்க இருக்காங்க. பாதிப் பேர நான் பாத்ததே இல்ல."

"பாக்காத ஆளுங்களோட எப்படிம்மா வேல செய்யறே?"

"நீங்க லாரியில ஏத்துனீங்களே, அந்தப் பக்கம் எறக்குனவன பாத்தீங்களா?" என்று சிரித்தாய்.

பிறகு அந்த மாலை வந்தது. வகுப்பில் எல்லோரும் போனைத் திறந்தோம். எழுத்துகள் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். வரிசை வரிசையாக, வெறும் கட்டங்கள். என் பக்கத்தில் தக்காளி மண்டியில் வேலை செய்கிற அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். "போயிடுச்சு பாய்" என்றாள் மெல்ல. "படிச்சதெல்லாம் போயிடுச்சு." போன் கெட்டிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்து எங்களை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தோம். அடுத்த வகுப்புக்குப் பாதிப் பேர் வரவில்லை.

எங்கோ ஒருவர், நல்லது செய்கிறோம் என்று நினைத்து எழுத்தின் வடிவத்தை மாற்றி நேராக உள்ளே போட்டுவிட்டாராம். நீ அன்றைக்கே சரி செய்துவிட்டாய். உன் முகம்தான் சரியாகவில்லை. "அவங்க போன சந்தேகப்படல பாய், தங்களயே சந்தேகப்பட்டாங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதற்குப் பிறகு அந்த முறையைக் கொண்டுவந்தாய். யாரும் நேராக எதையும் போடக் கூடாது. மாற்ற நினைப்பதைத் தனியாக எழுதி, சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். இன்னொருவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். ஒருவர் திருத்தம் சொன்னால், அதே ஆள் மறுபடி பார்த்துச் சரி சொல்லும்வரை கதவு திறக்காது. புல் ரிக்வெஸ்ட் என்று அதற்குப் பெயர். குழுவில் சிலருக்குக் கோபம். "இதென்ன தாலுகா ஆபீஸா?" என்று ஒருவர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "நான் எழுதினாலும் எனக்கும் இதே கதிதான்" என்று பதில் போட்டாய். அத்தோடு விடவில்லை. எந்த மாற்றமானாலும் இந்தப் பாடத்தில் படித்து வந்த ஒருவரும் பார்க்க வேண்டும் என்றாய். அந்த ஒருவர் நான். முதன்முதலாகப் பச்சைக் குறியைத் தொட்ட அன்று, "லோடு கிளியர்!" என்று நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

உன்னிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். கருத்தை எழுதி முடிப்பாய், அனுப்புகிற பட்டனை அமுக்க மறந்துவிடுவாய். எழுதியது உன் திரையில் மட்டும் இருக்கும். நாங்கள் காத்துக் கிடப்போம்.

"நேத்தே சொல்லிட்டேனே பாய்!"

"யார்கிட்டம்மா சொன்னே? சுவத்துக்கிட்டயா?"

"ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடுவாய்.

போன மழைக்காலத்தில் நானே ஒரு பாடம் எழுதினேன். எனக்கு நன்றாக வருகிற எழுத்துகளை வைத்து எழுதினேன்: 'ஷிப்ட் முடிந்தது. பஸ் வந்தது. வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். வீட்டில் யாரும் இல்லை.' நான் வேலைக்குப் போன நாளில் ஒவ்வொரு வரியும் உண்மை. என் வீடு இன்றும் அப்படித்தான். உன் பெயருக்கு அனுப்பினேன். படியில் பார்த்தபோது, "பாத்துட்டேன் பாய், எழுதிட்டேன்" என்றாய். என் போனில் ஒன்றும் வரவில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது கேலி செய்யலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரமே காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எல்லாம் முடிந்து சில வாரம் ஆன பிறகு, ஒரு மதியம் டீக்கடையில் நின்றிருந்தேன். போன் அதிர்ந்தது. உன் பெயர். உன் படம். பக்கத்தில் 'இப்போது' என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"கடைசி வரியை மாத்துங்க பாய். இதைப் படிக்கறவங்க நிறையப் பேர் தனியா உட்கார்ந்து படிப்பாங்க. வீட்டில் யாராவது இருக்கட்டும்."

அதன் கீழே சிவப்பில்: திருத்தம் தேவை.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எதிரே உன் வீட்டை அண்ணாந்து பார்த்தேன். சன்னலுக்குள் திரையின் நீல வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

நான் படியேறி வந்து கதவைத் தட்டினேன். திறந்தது உன் வீட்டுக்காரர்.

"நான்தான் பாய். அவ எழுதி வெச்சது அனுப்பாமயே இருந்துச்சு. பட்டன அமுத்திட்டேன். தப்பா?"

"மிஷின ஆஃப் பண்ணலியாப்பா?"

"அவ ஆஃப் பண்ணவே மாட்டா. எனக்கும் கை வரல."

விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அன்று முழுக்க என் உடம்பில் சூடு ஏறவில்லை.

டீச்சருக்கு வேறு கவலை. வகுப்புக்கு ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுதிய பாடத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. எனக்கு அதைவிட ஆசை.

"மாட்டிக்கிச்சு பாய். அவங்க சரி சொன்னாத்தான் தெறக்கும். இல்லேன்னா அவங்க சொன்னத நான் தள்ளி வெக்கணும். அதுக்கு என்ன காரணம்னு எழுதச் சொல்லுது. நான் என்னன்னு எழுதட்டும்?"

"இருங்க டீச்சர். மொதல்ல அந்தப் புள்ள சொன்னத செய்யறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, யாரை என் வீட்டில் உட்கார வைப்பது? இல்லாத ஆளை எழுத மனம் வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, பூட்டிய மாடியில் மணி அடித்தது. எந்த ஊரிலோ யாரோ உன்னைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கடைசி வரியை அழித்துவிட்டு எழுதினேன்: மாடியில் மணி அடித்தது. யாரோ இருக்கிறார்கள்.

பிறகு உன் பெயரைத் தொட்டு, மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினேன். விரலை எடுக்கும் முன்பே மேலே மணி அடித்தது. நான் அனுப்பியதுதான் என்று தெரியும். இருந்தும் நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மறுநாள் டீச்சர் காரணம் எழுதுகிற கட்டத்தைத் திறந்து போனை என் கையில் கொடுத்தார். நீ இறந்துவிட்டாய் என்று நான் எழுதவில்லை. 'சொன்னபடி திருத்திவிட்டேன்' என்று எழுதினேன். டீச்சர் சரி என்று அமுக்கினார். பாடம் உள்ளே போனது. அன்று வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்தவள் மண்டி அம்மாதான். கடைசி வரி வந்ததும் நிறுத்தி, தகரக் கூரையைப் பார்த்தாள்.

"யாரு பாய் அது?"

"நம்மள பாத்துக்கற ஆளு. நீ படி."

இன்று அடித்த மணி எதற்கு என்று பார்த்துவிட்டேன். உன் பெயரைச் சரிபார்ப்பவர் இடத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று குழுவில் ஒருவர் மரியாதையாகக் கேட்டிருக்கிறார். நீ வைத்த முறைப்படி அந்தக் கேள்வியும் உன் சம்மதத்துக்குத்தான் வந்து நிற்கிறது. என்னையும் பார்க்கச் சொல்லியிருக்கிறது. கேட்டதில் தவறு இல்லை. நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்.

நிதானமாகப் படித்தேன். என் கருத்தையும் எழுதி முடித்துவிட்டேன். அனுப்புகிற பட்டனைத்தான் இன்னும் அமுக்கவில்லை.