மைக்கில் சிவப்புக் கோடு

சனிக்கிழமை, ராத்திரி.

தூக்கம் வரலை. ஆன்லைன் புதிர்ப் போட்டியில இன்னைக்கு ஃபைனல். எங்க டீம்ல மூணு பேர்: நான் தாராவியில, வைதேகி மாட்டுங்காவுல, ஸ்டீபன் செம்பூர்ல. அவங்கவங்க வீட்டுல இருந்தே வீடியோ கால்ல சேர்ந்துக்குவோம். யார் கண்டுபிடிச்சாலும் விடையை வைதேகிதான் போடணும். ஆளாளுக்குப் போட்டுக் குழப்பக் கூடாதுன்னு நாங்களே வச்சுக்கிட்ட வழக்கம்.

என் மைக் எப்பவும் சிவப்புக் கோடு விழுந்து மியூட்லதான் இருக்கும். கீழே அப்பாவோட தையல் கார்கானா, எந்நேரமும் மெஷின் ஓடும். அந்தச் சத்தம் அவங்களுக்குக் கேட்டுடும்னு பயந்து நான் டைப் பண்ணியே காலத்தை ஓட்டுவேன்.

கடைசிப் புதிர், ஒரே ஒரு வார்த்தையில திறக்குற பூட்டு. நேரம் ரொம்பக் குறைவு. டைப் பண்ணினா ஆகாது. கீழே இறங்குற ஏணியில நின்னு, "அப்பா, கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்களேன்"னு கேட்டேன். காலையில யூனிஃபார்ம் டெலிவரி. ஆனாலும் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிட்டாரு.

பூட்டைத் திறக்குற வார்த்தையை நான்தான் கண்டுபிடிச்சேன். கத்திச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். வைதேகி தலையாட்டின மாதிரிதான் இருந்துச்சு. நேரம் முடிஞ்சுபோச்சு. "யாருக்குமே கிடைக்கலையா?"ன்னு அவ கேட்டப்போதான் பார்த்தேன். மைக் மேல சிவப்புக் கோடு அப்படியே இருக்கு.

'இல்லை'ன்னு டைப் பண்ணினேன். ஏன் அப்படிப் பண்ணினேன்?

சாப்பிடும்போது அப்பா கேட்டாரு, "ஏட்டி, நான் நிப்பாட்டுனது உதவிச்சா?"

"ரொம்ப உதவிச்சுப்பா."

ஆளுங்க எல்லாரும் போயிட்டாங்க. பாக்கி நின்ன யூனிஃபார்மை அப்பா ஒத்தையாளா தைக்கிறாரு. நான் தூங்கணும்னு மெதுவா ஓட்டுறாரு.